பெற்றோருக்குக் காதொலிக் கருவி வாங்கும் முன்



"ஹஜ்ரத், ஆன்லைன்ல ரெண்டாயிரம் ரூபாய்க்குக் காது மிஷின் வருதாமே, எங்க அத்தாவுக்கு வாங்கிப் போடலாமா?" என்று கடந்த ஓராண்டில் பலர் என்னிடம் கேட்டுவிட்டனர். மதரஸாவில் பிள்ளைகளுக்கு ஓதக் கற்றுக்கொடுப்பவனிடம் இதைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. என் அத்தாவின் இரு காதுகளிலும் இப்போது கருவி இருப்பதை எங்கள் மஹல்லாவில் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். பள்ளிவாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே பாதி விடை சொல்லி அனுப்புவதைவிட, அறிந்ததை ஒழுங்காக எழுதிவிடுவது நல்லது என்று தோன்றிற்று. நான் மருத்துவன் அல்லன். ஒரு முதியவரின் மகன். எழுத்தோசைகளைப் பிரித்துக் காட்டுவதையே தொழிலாகக் கொண்டவன். இவ்விரண்டு தகுதிகளைக் கொண்டே எழுதுகிறேன்.

திருக்குர்ஆன் மனிதனுக்கு வழங்கப்பட்ட புலன்களைச் சேர்த்துச் சொல்லும் இடங்களில் பெரும்பாலும் செவிப்புலனே முதலில் வருகிறது. பார்வை அதன் பின்னரே வருகிறது. நஹ்ல் அத்தியாயத்தின் 78ஆம் வசனத்திலும் இஸ்ரா அத்தியாயத்தின் 36ஆம் வசனத்திலும் இவ்வரிசையைக் காணலாம். நம் வீடுகளிலோ வரிசை தலைகீழாக இருக்கிறது. பெரியவருக்குக் கண்ணில் புரை விழுந்தால் அந்த மாதமே மதுரைக்கு அழைத்துச் சென்று அறுவை செய்துவிடுகிறோம். காது மங்கினால், "வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிக் குரலை உயர்த்திக்கொள்கிறோம். சில மாதங்களில் குரலை உயர்த்துவதும் சலித்துப்போய்ப் பேச்சையே குறைத்துக்கொள்கிறோம்.

அத்தாவுக்கு இப்போது 74 வயது. அரிசி ஆலை ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இயந்திர இரைச்சலுக்கு நடுவே நின்றவர். பேரொலி, உள்காதில் இருக்கும் மயிரிழை போன்ற நுண்ணிய உயிரணுக்களை அழித்துவிடும். அழிந்தவை மீண்டும் முளைப்பதில்லை. அத்துடன் முதுமையும் சேர்ந்துகொண்டது.

எங்களுக்கு முதலில் தெரிந்த அடையாளம் ஸலாம்தான். தெருவில் எதிர்ப்படுவோர் சொல்லும் ஸலாமுக்கு அவர் பதில் சொல்லாமல் கடந்து போகத் தொடங்கினார். ஸலாம் சொல்வது சுன்னத், பதில் சொல்வது கடமை என்று எனக்குச் சிறுவயதில் சொல்லிக்கொடுத்தவரே அவர்தாம். "உங்க அத்தாவுக்கு நம்ம மேல என்ன வருத்தம்?" என்று அவருடைய பழைய கூட்டாளி ஒருவர் என்னிடம் நேராகவே கேட்டுவிட்டார். அத்தா அதை உணர்ந்தோ உணராமலோ, எதிரே யார் வந்தாலும் தாமே முந்திக்கொண்டு உரக்க ஸலாம் சொல்லப் பழகிக்கொண்டார். பிறர் சொல்லிக் கேட்காமல் போகும் பழியிலிருந்து தப்ப அது ஓர் உபாயம். அதுவும் சில மாதங்களே நீடித்தது. அஸருக்குப் பிறகு பள்ளித் திண்ணையில் உட்கார்ந்து பேசும் வழக்கத்தை விட்டார். பயான் நடக்கும் நாள்களில் தொழுகை முடிந்ததும் வீட்டுக்கு வந்துவிடுவார். ஜமாஅத்தில் இமாம் ருகூவுக்குச் செல்வதைப் பக்கத்தில் நிற்பவரின் அசைவைக் கொண்டே அறிந்தார். வீட்டில் பேரப்பிள்ளைகள் ஏதாவது சொன்னால் சிரித்துத் தலையாட்டுவார். கேட்டது கேள்வியா, செய்தியா என்று தெரியாமல் ஆட்டும் தலை அது.

"சத்தம் கேக்குது தம்பி, பேச்சுதான் புரியல" என்று ஒருநாள் சொன்னார். காதொலிக் கருவி வாங்க நினைக்கும் ஒவ்வொருவரும் இந்த வாக்கியத்தைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். எதை, எங்கே வாங்குவது என்பதற்கான விடை முழுவதும் இதற்குள் இருக்கிறது.

தஜ்வீதில் எழுத்துகளின் தன்மைகளைக் கற்பிக்கும்போது ‘ஹம்ஸ்’ என்று ஒரு பாடம் வரும். ஒலிக்கும்போது மூச்சு கசிந்தோடும் பத்து எழுத்துகள் அதில் அடங்கும். பிள்ளைகளை உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வைத்துக்கொண்டு ஸீன், ஷீன், ஃபா, ஸாத் என்று ஒலிக்கச் சொல்வேன். கையில் காற்றுப் படுவதை அவர்கள் உணர்வார்கள். இவ்வெழுத்துகள் மெலிந்தவை. இவற்றுள் ஸீன், ஷீன், ஃபா போன்றவற்றின் ஓசை பெரும்பாலும் உயர்ந்த அதிர்வெண்களில்தான் இருக்கிறது. முதுமையாலும் இரைச்சலாலும் பழுதுபடும் காது முதலில் இழப்பதும் அந்த உயர்ந்த அதிர்வெண்களையே. ஆ, ஊ, ஓ போன்ற உயிரோசைகளோ தாழ்ந்தவை, வலிமை மிக்கவை. அவை வந்து சேர்ந்துவிடும். ஆகவே பேசுபவரின் குரல் கேட்கிறது, சொல்லின் விளிம்பு கேட்பதில்லை. ‘காசு’ என்பதும் ‘காது’ என்பதும் ஒன்றுபோலவே விழுகின்றன. பெண்கள், குழந்தைகள் ஆகியோரின் மெல்லிய குரல் ஆண் குரலைவிட முன்னதாகவே நழுவுகிறது. ‘மருமகள் பேசினால் மட்டும் காதில் விழாதாம்’ என்று சில வீடுகளில் எழும் மனத்தாங்கலுக்கு இதுதான் காரணமாக இருக்கக்கூடும்.

இத்தகைய காதுக்கு எல்லா ஓசையையும் ஒரே அளவில் பெருக்கிக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை எங்கள் வீட்டிலேயே கண்டோம்.

வளைகுடாவில் வேலை பார்க்கும் என் தம்பி, அத்தாவின் நிலையைத் தொலைபேசியில் உணர்ந்து, இணையத்தில் 2,400 ரூபாய்க்கு ஒரு ஜோடி கருவியை வாங்கி வீட்டுக்கே அனுப்பிவைத்தான். அவனுடைய நிய்யத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அத்தாவும் மகன் அனுப்பியது என்று ஆசையோடு மாட்டிக்கொண்டார். அடுக்களையில் தட்டு விழும் ஓசை, குழாயில் தண்ணீர் கொட்டும் ஓசை, மின்விசிறியின் இரைச்சல் எல்லாம் இடியாக விழுந்தன. பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் பாங்கு ஒலித்தபோது இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டார். பேச்சு முன்பைவிடத் தெளிவாகவும் இல்லை. நான்காம் நாள் அது பீரோவுக்குள் போயிற்று. திருப்பி அனுப்ப முயன்றபோது, காதில் பொருத்திப் பயன்படுத்திய பொருளைத் திரும்பப் பெறுவதில்லை என்று விற்றவரிடமிருந்து பதில் வந்தது.

2,400 ரூபாய் போனது பெரிதன்று. "எனக்கு எந்த மிஷினும் ஒத்துக்காது, விட்டுடுங்க" என்று அத்தா முடிவு கட்டிவிட்டார். அந்த முடிவை மாற்ற எங்களுக்கு எட்டு மாதங்கள் ஆயின. மலிவான கருவியின் உண்மையான விலை அந்த எட்டு மாதங்கள்தாம் என்பேன்.

இணையத்தில் விற்கப்படுபவை எல்லாம் ஒரே வகை அல்ல என்பதையும் நியாயமாகச் சொல்லவேண்டும். ஓரிரண்டாயிரம் ரூபாய்க்குக் கிடைப்பவை பெரும்பாலும் ஒலிபெருக்கிகள் மட்டுமே. படத்தில் காதொலிக் கருவி போலவே இருக்கும். ஆனால் ஒருவருடைய கேள்விக் குறைக்கு ஏற்ப எந்த அதிர்வெண்ணை எவ்வளவு உயர்த்துவது என்று அமைக்கும் வசதி அவற்றில் இருப்பதில்லை. அதற்கு மேல், கைப்பேசிச் செயலியின் வழியாகத் தாமே அமைத்துக்கொள்ளும் டிஜிட்டல் கருவிகள் உள்ளன. மூன்றாவதாக, நிபுணர்கள் பொருத்தும் அதே நிறுவனங்களின் அதே கருவிகளைத் தள்ளுபடி விலையில் வாங்கி விற்பவர்களும் உள்ளனர். அமெரிக்காவில் 2022 அக்டோபர் 17 முதல், மருத்துவச் சீட்டோ பரிசோதனையோ இன்றிக் கடையில் வாங்கத்தக்க கருவிகளுக்குத் தனி விதிமுறையே நடைமுறைக்கு வந்தது. அந்தச் செய்தியைப் பகிர்ந்து, "அமெரிக்காவிலேயே அனுமதித்துவிட்டார்கள்" என்று வாதிடுவோரைக் காண்கிறேன். அந்த அனுமதி 18 வயது நிரம்பியவர்களுக்கு, அதுவும் லேசான அல்லது மிதமான குறை இருப்பதாகத் தாமே உணர்பவர்களுக்கு மட்டும் உரியது. குழந்தைகளுக்கு இல்லை, கடுமையான குறை உள்ளவர்களுக்கும் இல்லை. நம் பெரியவர்களை நாம் அழைத்துச் செல்லும் காலத்துக்குள் பலருக்கு மிதமான எல்லை கடந்துவிடுகிறது.

இனி மறுபக்கம். நிபுணரிடம் போவது என்றால் கண்ணாடிக் கதவு போட்ட கடைக்குள் நுழைவது என்று பொருளன்று. அத்தாவை ஒருவாறு சம்மதிக்க வைத்து முதலில் அத்தகைய கடை ஒன்றுக்கே அழைத்துச் சென்றோம். காதுக்குள் விளக்கடித்துக்கூடப் பார்க்கவில்லை. வெளியே வாகன இரைச்சல் கேட்கும் அறையில் பத்து நிமிடம் ஏதோ ஒலி எழுப்பிக் கேட்டுவிட்டு, ஒரு ஜோடி 2,10,000 ரூபாய் என்றார்கள். "இன்னைக்கே முன்பணம் கட்டினா இருபது சதவீதம் குறைச்சுக்கலாம்" என்றும் சொன்னார்கள். பரிசோதித்த இளைஞரின் படிப்பைக் கேட்டேன். பதில் தெளிவாக வரவில்லை. அத்தாவுக்குப் பேச்சுக் கேட்கவில்லையே தவிர முகம் படிக்கத் தெரியும். "வா தம்பி, போகலாம்" என்று எழுந்துவிட்டார்.

நம் நாட்டில் செவிப்புல நிபுணராகப் பணியாற்றுவோர் 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பி.ஏ.எஸ்.எல்.பி. என்பது அதற்கான நான்காண்டுப் பட்டம். அதில் ஓராண்டு பயிற்சிக் காலம். பதிவு எண்ணைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். முறையாகப் படித்தவர் கேட்டவுடன் காட்டுவார். மருத்துவம் அறியாத ஒருவர் மருத்துவம் செய்து தீங்கு நேர்ந்தால் பொறுப்பு அவரையே சாரும் என்ற கருத்தில் அபூதாவூதில் ஒரு நபிமொழி இடம்பெற்றுள்ளது. சிகிச்சை தேடுவோருக்கு, தேடிப்போகும் இடத்தை விசாரிக்கும் கடமையும் உண்டு என்றே அதிலிருந்து நான் விளங்கிக்கொள்கிறேன்.

அதன்பின் அரசு மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குச் சென்றோம். அன்று நின்ற வரிசை நீளந்தான், மறுப்பதற்கில்லை. மருத்துவர் இடது காதைப் பார்த்த உடனே, அடைத்துக்கொண்டிருந்த குறும்பியைச் சுட்டிக்காட்டினார். அத்தா மாட்டியிருந்த கருவியின் ரப்பர் முனை அதை இன்னும் உள்ளே தள்ளியிருக்கலாம் என்றார். சொட்டு மருந்து போட்டு, ஐந்து நாள் கழித்து வரச்சொல்லி எடுத்தார்கள். அன்று மாலையே இடது காதில் ஓரளவு மாற்றம் தெரிந்தது. இணையக் கடையில் இந்த ஐந்து நாள் வேலைக்கு இடமே இல்லை. காதில் சீழ், வலி, தலைச்சுற்றல், ஒரு காதில் மட்டும் குறை ஆகியவை இருந்தால் கருவியைப் பற்றி யோசிப்பதற்கு முன்பே மருத்துவர் பார்த்தாக வேண்டும். நேற்றுவரை கேட்ட காது இன்று காலையில் திடீரெனக் கேட்கவில்லை என்றால் அது அவசரம். சில நாள்களுக்குள் சிகிச்சை தொடங்கினால் மீளும் வாய்ப்பு உண்டு; ‘வெள்ளிக்கிழமை கழித்துப் பார்க்கலாம்’ என்று தள்ளிப்போடக் கூடாது.

பிறகு மதுரையில் பதிவு பெற்ற செவிப்புல நிபுணர் ஒருவரிடம் சென்றோம். அவர் ஓர் இளம்பெண். ஒலி புகாத சிறு அறையில் அத்தாவை உட்கார வைத்து, 250 முதல் 8,000 வரையான அதிர்வெண்களில் ஒவ்வொரு காதையும் தனித்தனியே சோதித்தார். காதின் பின்புற எலும்பில் அதிர்வானைப் பொருத்தியும் பார்த்தார். குறை நடுக்காதிலா, உள்காதிலா என்பது அதில் தெரியுமாம். பிறகு சொற்களைச் சொல்லித் திருப்பிச் சொல்ல வைத்தார். ஆடியோகிராம் என்னும் அந்த வரைபடத்தைப் பார்த்தபோது, ஹம்ஸ் பாடம் தாளில் வரையப்பட்டதைப் போல் இருந்தது எனக்கு. தாழ்ந்த ஓசைகளில் கோடு மேலே சமமாகச் சென்று, 2,000ஐத் தாண்டியதும் கிணற்றில் இறங்குவதுபோல் சரிந்தது.

எல்லோரும் விரும்புவதுபோல், வெளியே தெரியாத மிகச் சிறிய கருவியையே நானும் கேட்டேன். அவர் எனக்குப் பதில் சொல்லவில்லை. ஒரு பேட்டரியை அத்தாவின் கையில் கொடுத்து, "ஐயா, இதைப் போட்டு எடுங்க பார்க்கலாம்" என்றார். அத்தாவின் விரல்கள் தடுமாறின. காதுக்குப் பின்னால் அணியும் வகையே இவருக்கு ஏற்றது, அதிலும் 13ஆம் எண் பேட்டரி போடுவதாக இருக்கட்டும், அளவில் சற்றுப் பெரியது, கையில் நிற்கும் என்றார். எந்தச் செயலியும் அத்தாவின் விரலைப் பார்த்திருக்காது.

விலைக்கு வருகிறேன். ஒரு ஜோடிக்கு அவர் சொன்னது 46,000 ரூபாய். தம்பி வளைகுடாவிலிருந்தே தேடி, அதே நிறுவனத்தின் அதே வகையை இணையத்தில் 38,000 ரூபாய்க்குக் கண்டுபிடித்துவிட்டான். 8,000 ரூபாய் வேறுபாடு எங்களைப் போன்ற குடும்பத்துக்குச் சிறு தொகையன்று. என் மதரஸாச் சம்பளத்தோடு ஒப்பிட்டால் நன்றாகவே உறைக்கும். அந்த நிபுணரிடமே இதைச் சொன்னோம். அவர் கோபப்படவில்லை. "அங்கே வாங்கினால் கொண்டு வாருங்கள், ஒவ்வொரு வருகைக்கும் கட்டணம் வாங்கிக்கொண்டு அமைத்துத் தருகிறேன். ஆனால் விற்றவர் மட்டுமே திறக்கும்படி பூட்டியிருந்தால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது, அதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்" என்றார்.

இந்த இடத்தில் ஃபிக்ஹின் ஒரு பாகுபாடு எனக்கு வழிகாட்டிற்று. ‘பைஅ’ என்பது பொருளை விற்பது. ‘இஜாரா’ என்பது உழைப்பையோ பயனையோ கூலிக்குப் பெறுவது. காதொலிக் கருவியை வெறும் பைஅ என்று எண்ணுவதால்தான் எங்கே மலிவு என்று மட்டும் தேடுகிறோம். உண்மையில் பாதிக்கு மேல் இஜாரா. கருவியைக் காதில் வைத்தபின், மெல்லிய குழாய் ஒன்றைக் காதுக்குள் விட்டு, செவிப்பறைக்கு அருகில் உண்மையில் எவ்வளவு ஒலி சென்று சேர்கிறது என்று அளந்து அமைக்கிறார்கள். முதல் மாதம் அளவைக் குறைத்தே வைத்தார். ஆண்டுக்கணக்கில் ஒலி கேளாத மூளை ஒரேயடியாகப் பெற்றால் தாங்காது என்றார். மூன்று மாதங்களில் ஐந்து முறை சென்றோம். ஒருமுறை அத்தா, "என் குரலே குடத்துக்குள்ள பேசற மாதிரி இருக்கு" என்றார். காதில் செருகும் முனையை மாற்றியதும் சரியாயிற்று. இன்னொருமுறை சஜ்தாவில் கருவி கீச்சிடுகிறது என்று முறையிட்டார். தொழுகையில் அணியும் தொப்பி காது வரை இறங்கி அழுத்துவதைக் கண்டுபிடித்தோம். இந்த ஐந்து வருகைகளையும் கூட்டினால் 8,000 ரூபாய் எங்கே போயிற்று என்பது விளங்கும். எனவே விலை கேட்கும்போது, பரிசோதனைக்கு எவ்வளவு, கருவிக்கு எவ்வளவு, பிந்தைய வருகைகளுக்கு எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். மொத்தமாக ஒரே தொகையைச் சொல்லி, பிரித்துச் சொல்ல மறுக்கும் இடம் கண்ணாடிக் கடையானாலும் இணையக் கடையானாலும் எனக்கு ஒன்றுதான்.

திரும்பக் கொடுக்கும் உரிமையையும் முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும். பொருளைப் பாராமல் வாங்கியவர் பார்த்தபின் வேண்டாமென்று சொல்லும் உரிமை ஹனஃபி மத்ஹபில் உண்டு. ‘கியாருர் ருஃயா’ என்பார்கள். நிபந்தனையிட்டுக் கால அவகாசம் பெறும் ‘கியாருஷ் ஷர்த்’தும் உண்டு. இதில் இமாம் அபூஹனீஃபா அவர்கள் மூன்று நாள்களே எல்லை என்றும், அவர்களின் மாணவர்களான இமாம் அபூயூசுஃப், இமாம் முஹம்மது ஆகியோர் காலம் தெளிவாகக் குறிக்கப்பட்டால் அதற்கு மேலும் கூடும் என்றும் கூறியதை மாணவப் பருவத்தில் ஓதியிருக்கிறேன். அப்போது வாங்கல் விற்றலில் இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று தோன்றும். காதொலிக் கருவி பழகக் குறைந்தது சில வாரங்கள் ஆகும் என்பதைப் பார்த்தபின், அவ்விரு இமாம்களின் கருத்து எவ்வளவு பயன் தருகிறது என்பதைத் தெரிந்துகொண்டேன். எங்களுக்கு முப்பது நாள் எழுத்தில் கிடைத்தது.

இணையத்தை முற்றிலும் ஒதுக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். பேட்டரி, குறும்பி தடுக்கும் வடிகட்டி, ஈரம் உறிஞ்சும் டப்பா ஆகியவற்றை நாங்கள் இணையத்தில்தான் வாங்குகிறோம். துத்தநாகக் காற்றுப் பேட்டரிகளில் 10க்கு மஞ்சள், 312க்குப் பழுப்பு, 13க்கு ஆரஞ்சு, 675க்கு நீலம் என்று உறையின் நிறம் உலகெங்கும் ஒன்றே; ஆகவே மாறிப்போக வாய்ப்பில்லை. காலாவதித் தேதியை மட்டும் பார்க்க வேண்டும். பேட்டரி சிறு குழந்தைகளின் கையில் படாமல் இருக்க வேண்டும், விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. முறையான ஆடியோகிராம் கையில் இருந்து, குறை லேசானதாக இருந்து, கைப்பேசியை நன்கு கையாளத் தெரிந்த நடுவயதினராகவும் இருந்தால், தாமே அமைத்துக்கொள்ளும் நல்ல டிஜிட்டல் கருவியை அவர் முயன்று பார்க்கலாம். எழுபது வயதுப் பெற்றோருக்கு, அவர்கள் அருகில் இல்லாத பிள்ளை, படத்தைப் பார்த்து வாங்கி அனுப்புவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

வசதி இல்லாதோர் இணையத்தின் மலிவுக் கருவியை நாடும் முன் அரசு வழிகளைக் கேட்டுப் பார்க்க வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கான நடுவண் அரசின் ‘அடிப்’ திட்டத்திலும், வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள 60 வயது கடந்தோருக்காக 2017இல் தொடங்கிய ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டத்திலும் காதொலிக் கருவி உண்டு. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரித்தால் தகுதியையும் சான்றிதழ்களையும் சொல்வார்கள்.

உளூவைப் பற்றியும் சிலர் கேட்கிறார்கள். காதுகளை மஸ்ஹு செய்யும் முன் கருவியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்து, ஈரம் துடைத்தபின் மாட்டிக்கொள்வதை அத்தா பழகிக்கொண்டார். கடமையான குளிப்பின்போதும் கழற்றவே வேண்டும். ஹவ்ளின் விளிம்பில் மட்டும் வைக்காதீர்கள். பெண்களின் முக்காடு ஒலிவாங்கியின் மேல் அழுந்தினால் உராயும் ஓசையும் கீச்சொலியும் வரும். பொருத்தும் நாளிலேயே வழக்கமான முக்காட்டுடன் அமர்ந்து சரிபார்த்துக்கொள்வது நல்லது.

சென்ற ரமளானுக்கு முன் எங்கள் ஜமாஅத்தில், கேள்விக் குறையுள்ள முதியோருக்கு விநியோகிக்க 25 ஒலிபெருக்கிக் கருவிகளை மொத்தமாக வாங்கித் தர ஒரு செல்வந்தர் முன்வந்தார். அந்தத் தொகையைப் பரிசோதனைக்கும் பயணத்துக்கும் செலவிடலாமே என்று நிர்வாகக் கூட்டத்தில் சொன்னேன். "கையில கொடுத்தாத்தான் கொடுத்த மாதிரி இருக்கும்" என்று சிலர் வருந்தினர். ஜகாத் பணமாக இருந்தால் ஏழையின் கையில் உரிமையாக்கிக் கொடுக்க வேண்டும் என்பது ஹனஃபி சட்டம் என்பதால், அதை வேறு வழியில் விட்டுவிட்டு, ஸதக்காவாக வந்ததை மட்டும் இதற்கு ஒதுக்கினோம். அந்தச் செல்வந்தரும் மனமுவந்து ஏற்றுக்கொண்டார். முதல் தடவை நான்கு பேரை வேனில் அழைத்துச் சென்றோம். இருவருக்குக் கருவி தேவை என்று எழுதிக்கொடுத்தார்கள். ஒருவருக்கு நடுக்காதில் பழைய சீழ், மருந்து நடக்கிறது. நான்காமவர், ஆறு ஆண்டுகளாக ‘செவிடர்’ என்றே தெருவில் பெயர் வாங்கியவர். அவருக்கு இரண்டு காதுகளிலும் குறும்பி மட்டுமே இருந்தது. திரும்பி வரும்போது வேனில் ஓட்டுநரிடம் ஹாரனைக் கொஞ்சம் குறைத்து அடிக்கச் சொல்லிக்கொண்டே வந்தார்.

இரண்டாம் தடவைக்கு இன்ஷா அல்லாஹ் ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பின் வேன் புறப்படும். எங்கள் மஹல்லாவைச் சேர்ந்தவர்கள், பெரியவர்களின் பெயரைப் பள்ளி அலுவலகத்தில் கொடுத்து வைக்கலாம். முன்பு எடுத்த ஆடியோகிராம் இருந்தால் அதையும், சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் சாப்பிடும் மாத்திரைச் சீட்டையும் கையோடு கொண்டு வரவும்.